மூன்றே முக்காலுக்கு வந்த முருகன்

பதினோரு வருடமாக ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீளம் மூன்றரை நிமிடம். ஏதோ ஒரு கிராமத்துத் திருவிழாவில் மேடைக்கு முன்னால் நின்று யாரோ செல்போனில் எடுத்தது. படம் ஆடும். மேலே ஒரு டியூப்லைட் விட்டு விட்டு எரியும். நடுவில் 'வள்ளி திருமணம்' நாடகத்தின் ராஜபார்ட், அதாவது முருகனாக வரும் கதாநாயக நடிகர், வேடன் வேஷத்தில், ஜிகினா மின்னும் நீல உடுப்பு, கையில் வில். 'காயாத கானகத்தே' என்று எடுப்பார். முதல் இரண்டு அடி சாதாரணமாகத்தான் போகும். இரண்டாவது நிமிடம் தாண்டியதும் குரல் மேலே ஏறி ஒரு இடத்தில் நிற்கும். நின்றுகொண்டே இருக்கும். மூச்சை எங்கே வாங்கினார் என்று நூறு தடவையாவது தேடியிருப்பேன், அகப்பட்டதில்லை. கூட்டத்தில் ஒருவன் விசிலடிப்பான், இன்னொருவர் ரூபாய் நோட்டைக் குத்திவிட மேடையேறுவார், அத்தோடு வீடியோ முடிந்துவிடும்.

நாலு போன் மாற்றிவிட்டேன், அந்த வீடியோ மட்டும் கூடவே வருகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிற ஆளுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வேறு என்ன துணை இருக்கிறது? வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவேன். "அந்த மூச்சைப் பாருங்க" என்பேன். மரியாதைக்குப் பார்த்துவிட்டு, "நல்லாப் பாடுறாரே" என்பார்கள். அது போதாது எனக்கு. அந்த நடிகரின் பெயர் இங்கே வேண்டாம். நான் குறை சொல்லப் போகிறேன், அவர் இன்னும் மேடையேறிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பாட்டு எங்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒரு குரலாக வந்தது. அப்பாவுக்கு அது டி.ஆர்.மகாலிங்கம். அப்பத்தாவுக்கு நாடக மேடைப் பாடகர் கிட்டப்பா. இத்தனைக்கும் கிட்டப்பாவை அப்பத்தா பார்த்ததே இல்லை. அவர் 1933-இல், இருபத்தேழு வயதில் போய்விட்டார். அப்பத்தாவின் அப்பாதான் எங்கோ மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போய்க் கேட்டாராம். கேட்டவர் சொன்னதைக் கேட்டே அப்பத்தா கிட்டப்பாவின் ரசிகையாகிவிட்டாள். "சுந்தராம்பா அதுக்கப்புறம் வெள்ளைச் சேலையைத்தான கட்டுச்சு" என்று கிட்டப்பாவின் மனைவி கே.பி.சுந்தராம்பாளைப் பற்றி நெல் துழாவிக்கொண்டே சொல்வாள், ஏதோ அடுத்த தெருவில் நடந்ததைப் போல. எனக்குக் கிடைத்தது இந்தச் செல்போன் ராஜபார்ட். அவர் உயிரோடு இருக்கிறார், மேலூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் வாரத்துக்கு நாலு நாள் நடிக்கிறார். போய்ப் பார்த்துவிடலாம் என்பதுதான் பதினோரு வருட நினைப்பு.

போக முடியவில்லை. பங்குனியில் ஊர் ஊருக்கு நாடகம் போடுவார்கள், எங்களுக்கோ அது கணக்கு முடிக்கிற மாதம். ஒரு வருடம் லீவு போட்டுவிட்டுப் போனேன், சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. இன்னொரு வருடம் நோட்டீஸில் அவர் பெயர் இருந்தது, மேடைக்கு வந்தது வேறு ஆள். 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவில் திருவிழாவே இல்லை. நாடகக்காரர்கள் கிடைத்த கூலி வேலைக்குப் போன காலம் அது. அப்புறம் போன வைகாசியில், "ஒன் ஆளு வர்றாரு, கிளம்பி வா" என்று சித்தப்பா வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பினார்.

அந்த நோட்டீஸே ஒரு தனி ரசனை. நடுவில் வள்ளி தேவசேனா சமேதராக முருகன். சுற்றி வட்ட வட்டமாக நடிகர்களின் முகம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ் என்று ஒவ்வொருவருக்கும் பெயருக்கு முன்னால் இரண்டு வரிப் பட்டம். அடியில் பொடி எழுத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட். எல்லாவற்றுக்கும் கீழே 'வள்ளி திருமணம் நாடகம் இரவு சரியாக 10 மணிக்கு'.

இரவு சரியாக 10 மணிக்கு

மேலூரிலிருந்து சிவகங்கை போகும் சாலையில் இறங்கி உள்ளே நாலு கிலோமீட்டர். முளைப்பாரி கரைத்த மறுநாள். நானும் சித்தப்பாவும் எட்டரைக்கே போய்ப் பாய் விரித்துவிட்டோம். அப்போதும் முன்னால் இடமில்லை. ஊர்க்காரர்கள் மத்தியானமே சாக்கையும் பாயையும் போட்டு மேலே கல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது மேடைக்கு இடது ஓரம், இரண்டாள் உயர பாக்ஸ் ஸ்பீக்கருக்குக் கீழே. அங்கிருந்து பார்த்தால் மேடையின் நடுப்பகுதி பக்கவாட்டில்தான் தெரியும். நேர் எதிரே ஆர்மோனியக்காரரின் நாற்காலி. மோசமான இடம் என்று நான் முனக, "படுக்கச் சுவர் இருக்குல்ல" என்றார் சித்தப்பா. அவர் அனுபவஸ்தர்.

திரை விலகும்போது மணி பத்து நாற்பது. ஆர்மோனியக்காரர் பிள்ளையாரில் ஆரம்பித்து இரண்டு மூன்று பக்திப் பாட்டு பாடினார். அறுபது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். காலால் மிதித்து வாசிக்கிற பழைய ஆர்மோனியம். பக்கத்திலேயே ஒரு பையன் கீபோர்டு வைத்திருந்தான். பையன் ஒரு பொத்தானைத் தட்டினால் பாக்ஸிலிருந்து வருகிற அடி நேராக என் அடிவயிற்றில் இறங்கியது. ஆர்மோனியம் வாசிப்பது கண்ணுக்குத் தெரிந்ததே ஒழியக் காதுக்கு வரவில்லை. முதல் ஏமாற்றம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று சொல்ல வேண்டும். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடிய பரம்பரை இது. இன்றைக்கு மைக்கும் வேண்டும், ஊரும் பெரிசு, சரி. ஆனால் பாட்டை வைத்துக்கொண்டு பாக்ஸை இவ்வளவு ஏற்றுவது எதற்கென்று இன்னமும் புரியவில்லை. பக்கத்தில் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டே தூங்கிப்போனது.

பதினொன்றேகாலுக்குப் பபூன் வந்தார். வந்ததும் மைக்கைப் பிடித்து, "ஒங்க ஊரு ரோட்டுல வந்தேன். வரும்போது நாலு இட்லி சாப்பிட்டேன், வந்து எறங்குறப்ப வயித்துல திரும்ப மாவா ஆகிருச்சு" என்றார். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர்களும் சிரித்தார்கள். அதுவரை எனக்கும் பிடித்தது. டான்ஸ் பெண் வந்து, இருவரும் கேள்வி பதிலாகப் பேச ஆரம்பித்தபின் ஒரு மணி நேரம் இரட்டை அர்த்தம்தான். நான் முகம் சுளிக்கிற ஆள் இல்லை, சில இடங்களில் வாய்விட்டே சிரித்தேன். ஆனால் ஒரே பகடியை ஆறு விதமாகப் புரட்டிப் போட்டபோது மணியைப் பார்க்கத் தொடங்கினேன். ஒன்றேகால். முருகனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். கணக்குப் பார்ப்பவன் போட்ட கணக்குத்தான், தப்பாய்ப் போனது.

நாரதர் விட்டால்தானே

ஒன்றரைக்கு வள்ளி வந்தாள். பரண் மேல் ஏறி நின்று கவணைச் சுழற்றி ஆலோலம் பாடியபோது கீபோர்டுப் பையன் நல்லவேளையாகக் கையை எடுத்துவிட்டான். சன்னமான, கொஞ்சம் மூக்கு கலந்த குரல். அப்பத்தா காயப்போட்ட நெல்லில் காக்காய் விரட்டும்போது இதே ஆலோலத்தை முனகுவாள், வார்த்தை பாதி மறந்துபோய். அந்த ஐந்து நிமிடத்துக்காக வந்தது தகும் என்று அப்போது நினைத்தேன். அடுத்து சினிமா மெட்டில் ஒன்று, அதற்கடுத்து இன்னொன்று.

அப்புறம் நாரதர். வந்தவர் போகவேயில்லை.

வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் உண்டு என்பது எனக்கும் தெரியும். தனியாகத் தினைப்புனம் காக்கிற பெண்ணிடம் முனிவர் வந்து பேச்சுக் கொடுப்பார், அவள் மடக்குவாள், கடைசியில் முருகனைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவார். அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி. அன்றைக்கு இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. உலகத்தில் காவல் வேலை உயர்ந்ததா, கற்பிக்கிற வேலை உயர்ந்ததா. கிளியும் கடவுள் படைப்பு என்றால் அதை விரட்டுவது பாவமா இல்லையா. இல்லறம் துறவறம். பெண் பேச்சைக் கேட்டவன், கேட்காதவன். நடு நடுவே ஒவ்வொரு பதிலுக்கும் யாராவது ஐந்நூறு ரூபாயோடு மேடையேறுவார்கள். உடனே தர்க்கம் நிற்கும். "இன்னார் மகன் இன்னார், சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் அவரது மைத்துனர் இன்னார், இவர்கள் வகையறா சார்பாக" என்று மைக்கில் முழு வம்சாவளியும் வாசிக்கப்படும். நாரதர் கும்பிட்டு வாங்கிக்கொண்டு, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து மறுபடி ஆரம்பிப்பார். இருபத்து மூன்று அன்பளிப்பு வரை எண்ணிவிட்டு அப்புறம் விட்டுவிட்டேன்.

எனக்கு எரிச்சலாக வந்தது. கூட்டிக்கொண்டு வந்த குற்றத்துக்குச் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரோரம் குறட்டையில் இருந்தார். என் எரிச்சலைப் பார்த்துவிட்டு, பக்கத்துச் சாக்கில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு கிழவிதான் பேச்சுக் கொடுத்தாள்.

"என்னப்பா தம்பி, தூக்கம் வந்துருச்சா?"

"இல்லாத்தா. முருகன் எப்ப வருவாரு?"

"நாரதரு விட்டாத்தான வருவாரு. அந்தப் புள்ளையப் பாரு. புதுசு. கரூருப் பக்கமாம். இவரு எம்புட்டுப் பேர மடக்குன ஆளு, அது அசரலை பாரேன்."

அப்போதுதான் உறைத்தது. இது ஸ்பெஷல் நாடகம் என்பது எனக்குத் தெரியும், வார்த்தையாக. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் பாலசபா வைத்துப் பையன்களுக்குப் பாடம் சொல்லி, வரி பிசகாமல் நடிக்க வைத்தாரே, அது கம்பெனி. கம்பெனி போய், அவர் எழுதிய பாட்டும் கதையும் மட்டும் மிச்சமாக, ஒவ்வொரு நடிகரையும் அந்த ஒரு ராத்திரிக்குத் தனித்தனியாகப் பிடித்துப் போடுவது ஸ்பெஷல். ஒத்திகை கிடையாது. டைரக்டர் என்று ஒரு ஆளே கிடையாது. மதுரை தமுக்கத்தில் சிலையாக நிற்கிற சுவாமிகளைத் தவிர அந்த மேடைக்கு வேறு வாத்தியார் இல்லை. இந்த வள்ளியும் இந்த நாரதரும் வேஷம் போடுகிற கொட்டகையில் கண்ணாடிக்கு முன்னால்தான் முதல்முதலாக முகம் பார்த்திருக்கிறார்கள். அடுத்து அவர் என்ன கேட்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரியாது. நான் நடிப்பு என்று நினைத்துச் சலித்துக்கொண்டிருந்தது நிஜமான மல்லுக்கட்டு.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கிழவியின் கண்ணால் பார்த்தேன். நாரதர் சட்டென்று ஒரு வெண்பாவைச் சொல்லி, "இதற்குப் பொருள் சொல் பெண்ணே" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வள்ளிக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது இடது ஓரத்தில் இருந்த எனக்கே தெரிந்தது. கவண் கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றினாள், அவிழ்த்தாள். ஆர்மோனியக்காரரைப் பார்த்தாள். அவர் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு தலையை லேசாக ஆட்டினார், சொல்லு என்கிற மாதிரி. அவள் நாரதரை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "சாமி, பாட்டுக்கு அர்த்தம் வேணும்னா சம்பளம் வாங்குற வாத்தியார்கிட்டக் கேளுங்க. நான் கிளி வெரட்ட வந்தவ. நீங்க வந்து மறிச்சு நின்னதுல இருந்து ஒரு மணி நேரமாக் கிளி தின்னுக்கிட்டே இருக்கு. எங்கப்பன் வந்து கேட்டா, நீங்களா தினை தருவீக?"

கூட்டம் எழுந்துவிட்டது. தூங்கிய பிள்ளைகள் விழித்துக்கொண்டன. "போட்டா பாரு ஒரு போடு!" என்று கிழவி என் தொடையில் ஓங்கி அடித்தாள். நாரதரும் சிரித்துவிட்டார், அது வேஷத்துச் சிரிப்பு இல்லை. அந்த ராத்திரியில் நாடகம் என்று எதையாவது நான் பார்த்தேன் என்றால் அந்த அரை நிமிடம்தான்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஆர்மோனியக்காரர் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, நாரதர் வெளியே போகிற பாட்டுக்குச் சுருதி பிடித்தார். நாரதர் அதைக் கேட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு விரலைக் காட்டினார், இன்னும் ஒன்றே ஒன்று என்று. அந்த ஒரு விரலை மூன்று தடவை பார்த்தேன். கைதட்டல் வருகிற வரைக்கும் இருக்கலாம் என்று ஒரு நியாயம் அந்த மேடையில் நடந்துகொண்டிருந்தது. அடுத்து வரவேண்டிய ஆள் திரைக்குப் பின்னால் முழு வேஷத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. திரை காற்றில் விலகும்போதெல்லாம் அவருடைய நீல உடுப்பின் ஒரு முனை எனக்குத் தெரிந்தது. தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.

அந்த ஒரு இடம்

மூன்றே முக்காலுக்கு முருகன் வந்தார். வேடனாக. மைதானத்தில் பாதி தூக்கத்தில், கால்வாசி வீட்டுக்குப் போயாகிவிட்டது. சித்தப்பாவை உலுக்கி எழுப்பினேன். வீடியோவில் பார்த்ததைவிட வயது கூடியிருந்தது, பதினோரு வருடம் எனக்கு மட்டுமா ஆகும்? இரண்டு வார்த்தை வசனம் பேசினார், கரகரத்தது. நேராகப் பாட்டுக்கு வந்துவிட்டார். சுருதி பிடித்தபோதே எனக்குத் திக்கென்றது. வீடியோவில் இருப்பது ஐந்து கட்டைச் சுருதி. இங்கே ஆர்மோனியம் ஒரு படி கீழே, நாலில் நின்றது.

முதல் அடி நன்றாகவே வந்தது. இரண்டாவது அடியில் ஒரு சங்கதியை விட்டார். போகட்டும் என்று நினைத்தேன். என் உடம்பு முழுக்க அந்த ஒரு இடத்துக்காகக் காத்திருந்தது. வந்தது. அவர் மேலே ஏறினார், ஏறும்போதே குரல் நூல் பிரிகிற மாதிரி பிரிந்தது. அந்தக் கணத்தில் அவர் செய்ததை நேர் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்திருக்க முடியாது. வள்ளியின் பக்கமாக, அதாவது எங்கள் பக்கமாக, அரை வட்டம் திரும்பினார். வில் பிடித்த கையை உயர்த்தினார். வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் வரவில்லை. சத்தம் ஆர்மோனியக்காரரிடமிருந்து வந்தது. அவர் மைக்குக்கு இரண்டு அங்குலம் முன்னால் குனிந்து, கட்டையிலிருந்து கையை எடுக்காமலேயே, அந்தச் சுரத்தை அப்படியே கையில் வாங்கின மாதிரி வாங்கிக்கொண்டார். கழுத்து நரம்பு கண்ணாடிக் கயிற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு கயிறாகப் புடைத்தது. பத்து வினாடி, பன்னிரண்டு வினாடி. ராஜபார்ட் மெதுவாகத் திரும்பி முகத்தைக் காட்டி, கடைசி இறக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார். பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். ஒருவர் பணம் குத்தப் போனார், ராஜபார்ட்டுக்கு.

அதற்கப்புறம் எல்லாம் ஓட்டம்தான். விருத்தன் பத்து நிமிடம். தேனும் தினைமாவும் தின்று விக்கல் எடுக்கிற கிழவன் வேஷத்தில் சிரிப்பும் ஏக்கமும் எவ்வளவோ செய்யலாம், அவருக்கு நேரமில்லை. யானை என்று ஒரு சத்தம் மட்டும் பாக்ஸில் கேட்டது. முருகனுக்கும் வள்ளிக்கும் நடுவில் காதல் வர நாடகத்தில் இடமே விடவில்லை. அறிமுகமான முக்கால் மணி நேரத்தில் மாலை மாற்றிக்கொண்டார்கள். ஐந்தேகாலுக்கு மங்களம். கிழவி எழுந்து சாக்கை உதறி, மேடையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

விளக்கணைத்த கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை திறந்திருந்தது. ஆர்மோனியக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஐயா, அந்தப் பாட்டுல மேல நீங்கதான பாடுனீங்க?"

அவர் டீயை ஊதினார். "பின்பாட்டு தம்பி. அது எப்பவும் உள்ளதுதான்."

"எப்பவுமா?"

"தொண்டை என்ன தகரமா? முந்தாநேத்து திருமயத்துக்கிட்ட. நேத்து மணப்பாறைப் பக்கம். இன்னைக்கு இங்க. ராத்திரிக்கு அருப்புக்கோட்டை." கொஞ்சம் நிறுத்தி, "அவரு நல்லாப் பாடுறவரு. ரெண்டு மணிக்கு விட்டிருந்தா பாடியிருப்பாரு" என்றார். டீக்குக் காசு கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்கத் தூங்கினேன். அடுத்த ராத்திரி அந்த வீடியோவை எடுத்தேன், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு. இரண்டாவது நிமிடம் தாண்டி அந்த இடம் வந்தது. இடது ஓரத்தில், படத்தின் விளிம்பில், ஒரு முழங்கையும் ஒரு மைக்கின் கம்பியும் இத்தனை நாளாக அங்கேயே இருந்திருக்கின்றன. குரல் உச்சிக்குப் போய் நின்றதும் அந்த முழங்கை மைக்கை நோக்கி நகர்கிறது. கூர்ந்து கேட்டால் ராஜபார்ட் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் ஏறி வருகிறது. ஒன்று விடுகிற இடம் தெரியாமல் மற்றது பிடிக்கிறது. அவர் மூச்சு வாங்கிய இடம் தேடியும் எனக்கு அகப்படாததற்கு அதுதான் காரணம். அது இரண்டு பேருடைய மூச்சு. அந்த முழங்கை இவருடையதா, வேறு யாருடையதா என்று சொல்ல முடியவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. ஐம்பது அறுபது பேருக்குப் போட்டுக் காட்டி, மூச்சைப் பாருங்கள் என்று பெருமை பேசியிருக்கிறேனே. அப்புறம் யோசித்தால், கச்சேரியில் வித்வான் விடுகிற இடத்தைப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சிஷ்யர் எடுத்தால் யாரும் மோசடி என்று சொல்வதில்லை. நாடக மேடையில் பின்பாட்டு என்பது மறைத்து வைத்த ரகசியமும் இல்லை, எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. காதர் பாட்சா என்ற ஆர்மோனிய வித்வானின் பெயரைப் பழைய நாடக ரசிகர்கள் ராஜபார்ட்டுகளின் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள், ஏன் என்று இப்போது கொஞ்சம் விளங்குகிறது. இதை யோசித்த பிறகும் அன்றைய ஏமாற்றம் போய்விடவில்லை. நான் கேட்கப் போனது கிடைக்கவில்லை, அது உண்மை. பாக்ஸ் சத்தம் காதில் இரண்டு நாள் ரீங்கரித்தது, அதுவும் உண்மை. நாரதர் மேல் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. அவர் கொஞ்சம் முன்னால் விட்டிருந்தால் அந்த வேடனின் தொண்டை தாங்கியிருக்கும். ஆனால் அப்படி விட்டிருந்தால் கிளி தின்ற கணக்கை அந்தப் பெண் கேட்டிருக்கவும் மாட்டாள், இதை எந்தப் பக்கம் வைப்பது என்று கணக்குப் புத்தகத்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை.

ஆடிக் கடைசியில் சித்தப்பா போன் செய்தார். திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு ஊரில் நாடகம், அதே ராஜபார்ட், இந்தத் தடவை வேறு நாரதராம், வருகிறாயா என்று கேட்டார்.

"ஆர்மோனியம் யாரு சித்தப்பா?"

"அத யார்ரா பாத்தா? இரு, நோட்டீஸ எடுத்துட்டு வர்றேன்" என்று போனை வைக்காமலே உள்ளே போனார்.